மலைப்பாதையில் மின்சார ஸ்கூட்டர்: நீலகிரியில் தினமும் வேலைக்குச் செல்வோர் கேட்கும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, வெலிங்டன், அருவங்காடு ஆகிய ஊர்களுக்கிடையே தினமும் இருசக்கர வண்டியில் வேலைக்குச் சென்று திரும்புபவர்கள், மின்சார ஸ்கூட்டர் வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. கணக்கு வரும் இடங்களில் வண்டியின் எடை 120 கிலோ, ஓட்டுபவரின் எடை 70 கிலோ, ஆக மொத்தம் 190 கிலோ என்று கொள்ளப்பட்டிருக்கிறது. பின்னால் இன்னொருவர் அமர்ந்தால் 260 கிலோ.

ஒரு சார்ஜில் இவ்வளவு தூரம் என்று நிறுவனம் சொல்வது மலையில் கிடைக்குமா?

கிடைக்காது. ஆனால் பலர் அஞ்சும் அளவுக்குக் குறைந்தும் போகாது. மலையில் கிலோமீட்டரை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதால்தான் குழப்பம் வருகிறது. ஏற வேண்டிய உயரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 190 கிலோ எடையை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதற்கு 52 வாட்-மணி ஆற்றல் வேண்டும்; மோட்டாரிலும், அதற்குச் செல்லும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலரிலும் வீணாவதைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் 65 வாட்-மணி செலவாகும். சமதளத்தில் மிதமான வேகத்தில் ஒரு கிலோமீட்டர் ஓட 20 முதல் 25 வாட்-மணி வரை ஆகிறது. ஆகவே ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 3 கிலோமீட்டரைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டால் கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும்.

குன்னூர் ரயில் நிலையம் 1,712 மீட்டர் உயரத்திலும், ஊட்டி ரயில் நிலையம் 2,203 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடையே சாலை வழி சுமார் 18 கிலோமீட்டர். ஏற்றம் 490 மீட்டர். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறுவது சமதளத்தில் 33 கிலோமீட்டர் ஓடுவதற்குச் சமம். திரும்பி இறங்கும்போது பேட்டரி மிகக் குறைவாகவே செலவாகும் என்பதால், போக வர இரண்டையும் கூட்டினால் சமவெளியில் 40 கிலோமீட்டர் ஓடியதற்கு மேல் போகாது. 3 கிலோவாட்-மணி பேட்டரி உள்ள எந்த வண்டிக்கும் இது பெரிய வேலை அல்ல.

மேட்டுப்பாளையத்திலிருந்து வருபவர்களின் நிலைமை வேறு. அங்கிருந்து குன்னூர் வரை சுமார் 34 கிலோமீட்டர்தான் என்றாலும், ஏற்றம் கிட்டத்தட்ட 1,390 மீட்டர். மேற்சொன்ன கணக்கின்படி அது 76 கிலோமீட்டருக்குச் சமம், பேட்டரியில் 1.6 கிலோவாட்-மணி கரையும். இருவர் சென்றால் 2 கிலோவாட்-மணியை எட்டும். 2 கிலோவாட்-மணி பேட்டரி கொண்ட சிறிய வண்டியில் இருவராக, வழியில் உள்ள பர்லியார் தாண்டி ஏறத் தொடங்கினால் குன்னூர் பேருந்து நிலையம் வரை போய்ச் சேர்வது சந்தேகமே.

வீடு மேலே, வேலை கீழே. இதனால் ஏதேனும் வேறுபாடு உண்டா?

உண்டு. வாங்கும்போது இதை யாரும் கேட்பதில்லை என்பது வியப்பான விஷயம். தினமும் ஒரே தூரம், ஒரே உயரம் என்றாலும், முதலில் ஏறுபவருக்கும் முதலில் இறங்குபவருக்கும் வண்டி இரு வேறு விதமாக நடந்துகொள்கிறது.

வீடு குன்னூரிலும் வேலை ஊட்டியிலும் இருப்பவர் காலையில் நிறைந்த பேட்டரியோடு ஏறுகிறார். மாலையில் பாதிக்குக் கீழே சார்ஜ் இருந்தாலும் இறக்கம் என்பதால் கவலையின்றி வீடு வந்து சேர்கிறார். இதுவே மின்சார வண்டிக்கு உகந்த அமைப்பு.

வீடு ஊட்டியில், வேலை குன்னூரில் என்றால் காலையில் முதல் வேலையே இறங்குவது. பிரேக் பிடிக்கும்போதோ ஆக்ஸிலரேட்டரை விடும்போதோ மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புவதை மீள்சார்ஜ் பிரேக்கிங் என்கிறார்கள். பேட்டரி 100 சதவீதம் நிறைந்திருந்தால் அந்த மின்சாரத்துக்குப் போக இடமில்லை. ஆகவே பெரும்பாலான வண்டிகளில் அந்த வசதி தானாகவே நின்றுவிடும் அல்லது பெரிதும் குறைந்துவிடும். முந்தைய மாலை ஆக்ஸிலரேட்டரை விட்டவுடன் பிடித்து இழுத்தது போல வேகம் குறைந்த வண்டி, மறுநாள் காலை அதே வளைவில் வழுக்கிக்கொண்டு போவதன் காரணம் இதுதான். பழுது என்று எண்ணி சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. மேலிருந்து புறப்படுபவர்கள் இரவில் 85 அல்லது 90 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திவிடுவது நல்லது. பல வண்டிகளின் செயலியிலேயே அந்த வரம்பை வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இறங்கி முடிக்கும்போது திரையில் தெரியும் மீதித் தூரத்தை நம்பக் கூடாது. கடைசியாக ஓடிய சில கிலோமீட்டர்களின் செலவை வைத்தே அந்த எண்ணைப் பல வண்டிகள் கணிக்கின்றன. இறக்கத்தில் செலவே இல்லாததால் காலையில் குன்னூரில் நிற்கும்போது அது மனத்தைக் குளிர்விக்கும்; மாலையில் ஏறத் தொடங்கி வெலிங்டனைக் கடப்பதற்குள் மளமளவென்று சரியும். தூரத்தைப் பார்க்காமல் சதவீதத்தைப் பார்ப்பதே சரி. மாலை ஏற்றத்தைத் தொடங்கும்போது 50 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். 20 சதவீதத்துக்குக் கீழே போனால் பல வண்டிகள் பேட்டரியைக் காப்பதற்காக மோட்டாரின் சக்தியைத் தாமாகவே குறைத்துவிடும், மலையில் அது நிகழ்வது பெரும்பாலும் வீட்டுக்கு முந்தைய செங்குத்தான சந்தில்தான்.

எத்தனை கிலோவாட் மோட்டார் வேண்டும்?

மலை நெடுஞ்சாலைகள் பொதுவாக 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறும்படி அமைக்கப்படுகின்றன; தவிர்க்க முடியாத இடங்களில் 8 மீட்டர் வரை அனுமதி உண்டு. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பற்சக்கரத்தைப் பிடித்து ஏறும் நீலகிரி மலை ரயிலின் உச்சச் சரிவும் ஏறக்குறைய இதே அளவுதான்: 12 மீட்டருக்கு ஒரு மீட்டர். 8 சதவீத ஏற்றத்தில் ஒருவர் 30 கி.மீ. வேகத்தில் செல்ல, சக்கரத்தில் 1.7 கிலோவாட் வேண்டும். இருவர் என்றால் 2.2 கிலோவாட்டுக்குச் சற்று மேல். இது ஒரு நொடிக்கு அல்ல, அரை மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர்ந்து வேண்டும். ஆகவே விவரத்தாளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் உச்ச சக்தியை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் இருக்கும் தொடர் சக்தியைப் பார்க்க வேண்டும். அது 2.5 முதல் 3 கிலோவாட் வரை இருந்தால் போதுமானது.

ஆனால் உண்மையான சோதனை நெடுஞ்சாலையில் இல்லை. குன்னூரிலும் கோத்தகிரியிலும் வீடுகளுக்கு ஏறும் சிமெண்ட் பாதைகள் 15 முதல் 20 சதவீதம் வரை சரிவு கொண்டவை. எந்தப் பொறியாளரின் விதிமுறைக்கும் கட்டுப்படாமல், மலை விட்ட வழியில் போட்டவை. விவரத்தாளில் வண்டி ஏறக்கூடிய சரிவு டிகிரியிலும் தரப்படுகிறது, சதவீதத்திலும் தரப்படுகிறது. இரண்டும் ஒன்றல்ல: 7 டிகிரி என்பது 12 சதவீதம், 10 டிகிரி என்பது 17.6 சதவீதம், 15 டிகிரி என்பது 27 சதவீதம். அந்த எண்ணும் ஒருவர் அமர்ந்து எடுத்ததா, இருவர் அமர்ந்து எடுத்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் விடச் சிறந்த வழி, ஷோரூம்காரரிடம் சோதனை ஓட்டத்துக்கு வண்டியைக் கேட்டு வாங்கி, உங்கள் வீட்டுச் சந்துக்கே கொண்டுவருவது. வீட்டில் உள்ள ஒருவரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு, ஏற்றத்தின் நடுவில் முழுவதுமாக நிறுத்தி, மறுபடியும் கிளப்பிப் பாருங்கள். ஓடிவந்த வேகத்தில் எந்த வண்டியும் ஏறிவிடும். நின்ற இடத்திலிருந்து பின்வாங்காமல் எழுவதுதான் கணக்கு. ஷோரூம் வாசலிலுள்ள சமதளத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டுவது சோதனை ஓட்டமே அல்ல.

உரிமம், பதிவு எதுவும் வேண்டாத 250 வாட் வண்டி போதாதா?

போதாது. 30 நிமிடம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருக்கும் பேட்டரி வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. ஆனால் 8 சதவீத ஏற்றத்தில் 250 வாட் ஒருவரை ஏற்றிச்செல்லும் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர். அதாவது விரைந்து நடப்பவரின் வேகம். அதுவும் மோட்டார் சூடாகி நின்றுபோகும் வரைதான். அரசுப் பேருந்தும் லாரியும் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் வளைவில் நடை வேகத்தில் ஏறுவது ஆபத்து.

சக்கரத்திலேயே மோட்டார் உள்ள வண்டியா, பெல்ட்டோ செயினோ கொண்ட நடு மோட்டார் வண்டியா?

சக்கரத்தின் உள்ளேயே அமைந்த ஹப் மோட்டாரில் தேய்மானம் குறைவு, பராமரிப்பும் குறைவு. ஆனால் மெதுவாக, பெரும் சுமையோடு, நீண்ட நேரம் ஏறும்போது அது அதிகமாகச் சூடாகிறது. நடு மோட்டாரில் சுழற்சி விகிதம் குறைக்கப்பட்டே சக்கரத்துக்குச் செல்வதால் அதே ஏற்றத்தில் மோட்டார் சற்று எளிதாகச் சுழல்கிறது. குன்னூர்–ஊட்டி அளவுக்கு நல்ல ஹப் மோட்டாரே போதும். மேட்டுப்பாளையத்திலிருந்து அடிக்கடி ஏறுபவருக்கும், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் போக்குவரத்து உள்ளவருக்கும் நடு மோட்டாரே என் தேர்வு.

எந்த மோட்டாராக இருந்தாலும், போக்குவரத்து நெரிசலில் ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக்கை விட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரை லேசாகத் திருகி வண்டியை அந்தரத்தில் நிறுத்தும் பழக்கத்தை விட வேண்டும். சக்கரம் சுழலாமல் மின்சாரம் மட்டும் பாய்வதால் மோட்டாரும் கண்ட்ரோலரும் வீணே கொதிக்கும். பிரேக்கைப் பிடித்து நிற்பதே முறை.

இறக்கத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

ஏற்றத்தைப் பற்றிக் கேட்பவர்களில் பாதிப்பேர்கூட இறக்கத்தைப் பற்றிக் கேட்பதில்லை. ஏற்றத்தில் தவறு நடந்தால் வண்டி நிற்கும். இறக்கத்தில் தவறு நடந்தால் வண்டி நிற்காது.

இருவரைச் சுமந்த ஒரு ஸ்கூட்டர் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஏறத்தாழ ஒரு யூனிட் (ஒரு கிலோவாட்-மணி) ஆற்றல் வெளிப்படுகிறது. அதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரின் உராய்வும் எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் பேட்டரிக்குள் போக வேண்டும், அல்லது பிரேக்கில் வெப்பமாக மாற வேண்டும்; மூன்றாவது இடம் கிடையாது. ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநர்களின் பழைய விதி. மின்சார ஸ்கூட்டரில் கியர் இல்லை, இழுத்துப் பிடிக்க என்ஜினும் இல்லை. அந்த வேலையைச் செய்வது மீள்சார்ஜ் பிரேக்கிங் ஒன்றுதான். விலை குறைந்த சில வண்டிகளில் இந்த வசதியே கிடையாது. அத்தகைய வண்டி ஊருக்குள் ஓடலாம், பர்லியார் பாதைக்கு ஆகாது.

பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி, கருகிய வாடை வரும். பிறகு லீவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்கு அழுத்தினாலும் பிடிமானம் குறைவாகவே இருக்கும். வளைவுக்கு முன்பே முன், பின் இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு முழுவதும் விட்டுவிட்டு, பிரேக் ஆற இடம் கொடுத்து இறங்க வேண்டும். வாடை வந்துவிட்டால் ஓரம் கட்டி 15 நிமிடம் நிற்பதே வழி. சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பெட்ரோல் வண்டியில் சாவியை அணைத்துவிட்டு இறங்கிப் பெட்ரோல் மிச்சம் பிடித்த பழக்கம் சிலருக்கு உண்டு. மின்சார வண்டியில் அதனால் ஒரு பைசா மிச்சமில்லை. மீள்சார்ஜும் விளக்கும் போய்விடுவதுதான் மிச்சம்.

ஈரமான சாலையில் மீள்சார்ஜின் இழுப்பு பெரும்பாலும் பின்சக்கரத்தில் மட்டுமே விழுகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பாசி படர்ந்த வளைவில் வண்டியைச் சாய்த்தபடி ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் வழுக்கும். மழை நாளில் மீள்சார்ஜின் அளவைக் குறைத்து வைப்பதும், ஆக்ஸிலரேட்டரைப் படிப்படியாக விடுவதும் பாதுகாப்பு. குறுகிய இடங்களில் ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை என்பது 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறையிலும் உள்ளது. இறங்குபவர்தான் ஒதுங்கி நிற்க வேண்டும்.

உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் மோட்டாரின் சக்தி குறையுமா?

குறையாது. மெலிந்த காற்று பெட்ரோல் என்ஜினைத்தான் பாதிக்கும். ஊட்டியின் உயரத்தில் அது தன் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. மின் மோட்டாருக்குக் காற்றே தேவையில்லை.

டிசம்பர், ஜனவரி உறைபனியில் பேட்டரி என்ன ஆகும்?

லித்தியம் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகிறது. ஊட்டியில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கும் காலைகளில் ஓடும் தூரமும், மீள்சார்ஜின் பலமும் குறைந்திருக்கும். சிறிது தூரம் ஓடி பேட்டரி சூடேறியதும் ஓரளவு சரியாகும். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைப் பேட்டரிகள் வெப்பத்தைத் தாங்குவதில் சிறந்தவை என்றாலும் குளிரில் சற்றுக் கூடுதலாகச் சுணங்கும்.

குளிர்ந்த பேட்டரியைப் பயன்படுத்துவதை விட, பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்வதுதான் கெடுதல். செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து, பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். நல்ல வண்டிகளில் பேட்டரி மேலாண்மை அமைப்பே அதைத் தடுத்துவிடும். பனி கொட்டும் விடியற்காலையில் சார்ஜ் போடாமல், மாலையில் வீடு வந்த பிறகு, பேட்டரி இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே போட்டுவிடுவது எளிய தீர்வு. ஏறிவந்த கையோடு மட்டும் போடாமல், அரை மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம். ஆனால் வெளியேறும் வழியிலும், படுக்கை அறையிலும், அடுப்பு அருகிலும் வைத்துச் சார்ஜ் செய்யக் கூடாது.

மழையிலும் பனிமூட்டத்திலும் ஓட்டலாமா?

ஓட்டலாம். பேட்டரிக்கும் மோட்டாருக்கும், நீரும் தூசியும் புகாததைக் குறிக்கும் ஐ.பி. 67 தரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 தரநிலை 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டங்களாகக் கடுமையாக்கப்பட்டது. பழைய வண்டி வாங்குபவர்கள் அதற்குப் பின் தயாரானதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நடைமுறையில் தொல்லை தருவது மழையை விடப் பனிமூட்டம். சார்ஜ் செருகும் துளையின் ரப்பர் மூடியைத் திறந்து பார்த்தால், கொட்டும் மழையில் நனையாத வண்டியிலும் பித்தளை முனைகளின் மேல் பொடிப்பொடியாக நீர்த்துளிகள் பூத்திருக்கும். அதைத் துடைக்காமல் தினமும் செருகினால் முனைகளில் பச்சை நிறக் களிம்பு ஏறி, பிளக் சூடாகத் தொடங்கும். உலர்ந்த பருத்தித் துணியால் ஒருமுறை ஒற்றி எடுத்தால் போதும். மூடியில் வெடிப்பு விட்டிருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

வீட்டில் சார்ஜ் செய்ய என்ன வசதி வேண்டும்? மின்தடை வந்தால்?

முறையாக எர்த் செய்யப்பட்ட 15 ஆம்பியர் பிளக் வேண்டும். மலையில் உள்ள பழைய வீடுகளிலும் தோட்டக் குடியிருப்புகளிலும் எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கும். எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதிக்காமல் சார்ஜரைச் செருகாதீர்கள். ஜன்னல் வழியே நீண்ட எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து மழையில் போடுவது எந்த நிலையிலும் கூடாது.

மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் ஒரு நாள் முழுவதும்கூட மின்சாரம் இல்லாமல் போகலாம். வீட்டு இன்வெர்ட்டரில் உள்ள 150 ஆம்பியர்-மணி பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 1.8 கிலோவாட்-மணிதான்; வண்டியைச் சார்ஜ் செய்ய அது உதவாது. தென்மேற்குப் பருவமழையில் கூடலூர்ப் பக்கமும், வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் உள்ளவர்கள் அந்த மாதங்களில் மட்டுமாவது பேட்டரியை 50 சதவீதத்துக்குக் கீழே விட்டுவைக்காமல் தினமும் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

பணம் மிச்சமாகுமா?

குன்னூர்–ஊட்டி போக வர, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று கணக்கிட்டாலும் 12 ரூபாய்க்குள் முடிந்துவிடும். மலையில் லிட்டருக்கு 40 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், அதே தூரத்துக்கு 90 ரூபாய். மாதத்துக்கு 30 யூனிட் அளவில் வீட்டு மின்கணக்கில் கூடும் என்பதால், இரண்டு மாதக் கணக்கில் அடுத்த கட்டண அடுக்குக்குத் தாவும் நிலையில் உள்ளவர்கள் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பேட்டரி உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மிதித்து ஓட்டும் மின்சார சைக்கிள் மலைக்கு ஆகுமா?

உடல் வலு உள்ளவர்களுக்கு, 5 அல்லது 6 கிலோமீட்டர் தூரத்துக்கு, நன்றாகவே ஆகும். சைக்கிளும் ஆளும் சேர்ந்து 95 கிலோதான் என்பதால், 250 வாட் மோட்டாரோடு கால்களும் சேர்ந்து உழைத்தால் 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 12, 13 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். பெடலின் அச்சில் மோட்டார் உள்ள, கியர் கொண்ட சைக்கிளாக இருக்க வேண்டும். டிஸ்க் பிரேக் கட்டாயம். ஆக்ஸிலரேட்டரை மட்டும் திருகிக்கொண்டு ஏறலாம் என்று எண்ணுபவர்கள் வாங்க வேண்டாம்.

சத்தமில்லாத வண்டி காட்டு விலங்குகளுக்கு நல்லதுதானே?

விலங்குக்கு நல்லது, ஓட்டுபவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. குன்னூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டச் சாலைகளில் அந்தி வேளையில் காட்டெருமைகள் நிற்பது வழக்கம். பெட்ரோல் வண்டியின் சத்தத்தைக் கேட்டு முன்கூட்டியே விலகும் விலங்கு, சத்தமின்றி வளைவில் திடீரென்று எதிரே வரும் வண்டியைக் கண்டு மிரளக்கூடும். பார்வைக்கு எட்டாத வளைவுகளுக்கு முன் ஹாரனை ஒருமுறை அளவாக அடித்து, வேகத்தைக் குறையுங்கள். விலங்கைக் கண்ட பிறகு ஹாரன் அடிக்கக் கூடாது. தூரத்திலேயே நின்று, அது போகும்வரை காத்திருங்கள். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனை, பர்லியார் பகுதிகளில் யானை நடமாட்டம் கூடும் என்பதால் இருட்டிய பிறகு அவ்வழியே இருசக்கர வண்டியில் வருவதையே தவிர்க்கலாம்.

பாதி வழியில் சார்ஜ் தீர்ந்துவிட்டால்?

120 கிலோ வண்டியை ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போக முடியாது. இன்னொரு வண்டியில் வருபவர் காலால் உதைத்துத் தள்ளும் வித்தையும் மலையில் ஆபத்தானது. வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் பேட்டரியின் மின்னழுத்தம் சற்று மீளும். சிக்கன மோடில் சில நூறு மீட்டர் நகர முடியும், அதை வளைவிலிருந்து விலகி, பாதுகாப்பான இடத்துக்குப் போகப் பயன்படுத்துங்கள். பின்னால் கடந்து வந்த கடையோ குடியிருப்போ அருகில் இருந்தால், சாவியை அணைக்காமல், வண்டியைத் திருப்பி இரண்டு பிரேக்குகளையும் பயன்படுத்தி மெதுவாக அங்கே இறங்குவது மேலே போராடுவதை விட நல்லது. சாதாரண பிளக்கில் ஒரு மணி நேரம் சார்ஜ் செய்தால் வண்டியைப் பொறுத்து அரை யூனிட் முதல் முக்கால் யூனிட் வரை ஏறும். தனி ஆளாக 400 மீட்டர் உயரம் ஏற அது போதும். அதற்காகவே கையடக்க சார்ஜரை இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள், பிளக் கொடுத்த கடைக்காரரிடம் மின்சாரத்துக்கு உரிய பணத்தையும் கொடுத்துவிடுங்கள்.